நெவாடாவில் நான் சாத்திய கேட்

என் அன்புக்கும் கேலிக்கும் உரிய சகலைக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து வந்துவிடுவேன். வசந்தா அண்ணி காபி கலப்பதற்குள் நீங்கள் என் வழுக்கையைப் பற்றி ஒன்று சொல்லியிருப்பீர்கள், நான் உங்கள் தொப்பையைப் பற்றி ஒன்று சொல்லியிருப்பேன். அக்காவையும் தங்கையையும் கட்டிக்கொண்ட இரண்டு பேருக்குள் பேச வேறு என்ன வேண்டும்?

இந்தக் கடிதம் உங்களுக்குத்தான். ஆனாலும் நம் சங்கத்தின் தீபாவளி மலரில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, சன்னிவேலில் தொடங்கி சான் ஹோசே வரை எல்லாத் தமிழ் வீடுகளுக்கும் போகுமே, அதே மலர்தான். காரணம் இருக்கிறது. அந்த வீடுகளில் பாதிப் பேர் உங்களைக் 'கேட் டாக்டர்' என்று கூப்பிட்டுச் சிரித்தவர்கள். நெவாடாவுக்குக் குதிரைச் சவாரி போன இடத்தில் திறந்திருந்த கேட்டைச் சாத்திவிட்டு வந்து, ஒரு மந்தை மாட்டைத் தண்ணீருக்குத் தவிக்கவிட்ட குழந்தை டாக்டர்.

அந்தக் கேட்டைச் சாத்தியது நீங்கள் இல்லை. நான். அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூன்று மாதம் முன்பு வரை இங்கே வேறு யாருக்கும் தெரியாது. உங்கள் பெயரில் நான் ஒட்டிவைத்ததை நானே உரித்து எடுக்க வேண்டும், அதற்குத்தான் இது.

எண்பத்தைந்து ஆகஸ்ட் நினைவிருக்கிறதா? சிப் கம்பெனியில் எங்கள் பிரிவையே மூடிவிட்டு, ஆளுக்கு ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கிரீன் கார்டு கைக்கு வந்திருந்ததால் ஊரைவிட்டுப் போகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து மாமனார் சேலத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்து இறங்கினார். அவர் பொல்லாதவர் இல்லை. ஆனால் தினமும் காலையில் எனக்கு எதிரே பேப்பரோடு உட்கார்ந்து, "என்ன மாப்ள, இன்னிக்கும் எங்கிருந்தும் ஃபோன் வரலையா?" என்று கேட்பார். அப்புறம் ஒரு பெருமூச்சு. அப்புறம், "டாக்டர் மாப்ள கிளம்பிட்டாராம்மா?" என்று உள்ளே பார்த்து ஒரு கேள்வி. அந்த இரண்டாவது கேள்விதான் எனக்கு வலித்தது.

உங்கள் கிளினிக்குக்கு வந்த ஒரு குழந்தையின் அம்மா, சவாரிக்குக் குதிரை தரும் ஒரு பண்ணையின் முகவரியை எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். "சகலை, ஃபோனையே மொறச்சுப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா அது ரிங் ஆவாது. ரெண்டு நாள் வாங்க, ரைடு போலாம். ரெனோ தாண்டி, ஹை டெசர்ட்."

"எனக்கும் குதிரைக்கும் என்னங்க சம்பந்தம்? வடநாட்டுக் கல்யாணத்துல மாப்பிள்ளைக்குக் கீழ பாத்திருக்கேன், அதோட சரி."

"நான் மூணு வாட்டி ரைடு பண்ணியாச்சு. ஒண்ணும் ஆவல. ஒக்கார்ற எடம் மட்டும் கொஞ்சம் வலிக்கும்."

கடைசிவரை நாம் ஒருவரை ஒருவர் 'ங்க' போட்டுத்தான் பேசிக்கொண்டோம். திட்டும்போதும் 'ங்க'தான். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

உங்கள் ஸ்டேஷன் வேகனில் சியாரா மலையை ஏறி இறங்கி, ரெனோவையும் தாண்டி, தார் ரோடு முடிந்து மண் ரோட்டில் போனோம். வழியெல்லாம் தயிர்சாதமும் மோர்மிளகாயும். அந்தப் பண்ணையை ரூத் என்ற அறுபது வயதுப் பெண்மணி தனியாக நடத்திக்கொண்டிருந்தார். பண்ணை சின்னதுதான். அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டியவரை சர்க்கார் நிலம். யார் வேண்டுமானாலும் நடக்கலாம், சவாரி போகலாம். ரூத்துக்கு அதில் மாடு மேய்க்கப் பர்மிட் இருந்தது.

கிளம்பும் முன் ரூத் ஒரே ஒரு விஷயம்தான் அழுத்திச் சொன்னார். வழியில் வேலியும் கேட்டும் வரும். கேட் மூடியிருந்தால், திறந்து போய்விட்டு மறுபடி மூடுங்கள். திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள். எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே இருக்க வேண்டும். எனக்கு அது நன்றாகக் காதில் விழுந்தது. விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அந்த நிலத்தை இங்கே படிப்பவர்களுக்கு எப்படிச் சொல்வது? மரம் என்று பெயருக்கு எங்கோ ஒன்று. மீதியெல்லாம் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறப் புதர். குதிரையின் கால் பட்டுக் கிளை ஒடிந்தால் கற்பூரவல்லியைக் கசக்கின மாதிரி வாசனை. வெயில் மண்டையைப் பிளந்தாலும் வியர்வை தெரியாது, காற்று அவ்வளவு காய்ந்தது. ஐயாயிரம் அடி உயரத்தில் ஒரு சமவெளி, சுற்றிலும் மொட்டை மலை. முதலில் ரூத், நடுவில் நீங்கள், கடைசியில் நான். என் குதிரையின் பெயர் பிஸ்கட். அது நடந்த நடைக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன் சகலை, அப்போது சொல்லாததை. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, மூன்று மணி நேரம் நான் வேலையைப் பற்றி நினைக்கவே இல்லை. குதிரையின் காது இரண்டுக்கும் நடுவில் தெரிந்த நிலத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வருகிற மாதிரி அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

தொடை உரிந்துபோய், அந்தக் கேட் வந்தபோது நான் இறங்கி, பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். இரும்புக் குழாய் கேட். விரியத் திறந்து கிடந்தது. ரூத் மேட்டைத் தாண்டிப் போய்விட்டார். நான் உள்ளே வந்தேன், திரும்பினேன், கேட்டை இழுத்துச் சாத்தினேன், சங்கிலியைக் கொக்கியில் மாட்டினேன். யோசிக்கவே இல்லை. நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். வெளியே போய்விட்டு வீட்டுக்குள் நுழைந்தால், "கேட்டைச் சாத்திட்டு வாடா, மாடு வந்து செடியத் தின்னுடும்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். இருபத்தைந்து வருஷம் அந்தக் குரலைக் கேட்ட கை அது. ரூத் சொன்னது காதோடு நின்றுவிட்டது, கைவரை போகவில்லை.

சங்கிலிச் சத்தம் கேட்டு நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "சாத்திட்டீங்களா? குட்." உங்கள் வீட்டிலும் அதே குரல்தான் இருந்திருக்கும்.

மறுநாள் வேறு வழியாகப் போனோம். பதினோரு மணி இருக்கும், தூரத்தில் மாடுகள் கத்துவது கேட்டது. ரூத் குதிரையை நிறுத்திக் காது கொடுத்தார். அப்புறம் குதிரையை விரட்டினார். நாம் பின்னால் போய்ச் சேர்ந்தபோது, சிவப்பு உடம்பும் வெள்ளை முகமுமாக அறுபது எழுபது மாடுகள் வேலியோரம் நெருக்கிக்கொண்டு நின்றன. காற்றாடிப் பம்பும் தண்ணீர்த் தொட்டியும் வேலிக்கு அந்தப் பக்கம். மேய்கிற மாடுகள் அந்தக் கேட் வழியாக வந்து குடித்துவிட்டுப் போவதற்காகத்தான் அது திறந்து கிடந்தது. அந்த வெயிலில் ஒரு நாள் முழுக்க அவை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கின்றன. மாடு வந்துவிடக் கூடாது என்று பழகிய கை, மாட்டைத் தண்ணீருக்கு வரவிடாமல் செய்துவிட்டது. தள்ளுமுள்ளில் ஒரு கன்று முள்கம்பியில் விழுந்து, தோள் கிழிந்து தொங்க, எழுந்திருக்காமல் கிடந்தது.

ரூத் கேட்டைத் திறந்துவிட்டு, சங்கிலியைக் கையில் பிடித்தபடி நம் பக்கம் திரும்பினார். உங்களில் யார் என்று கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பேசியிருப்பேனோ என்னவோ.

என் வாயில் கொழுக்கட்டை. நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள். நான்தான், எங்கள் ஊரில் கேட்டைத் திறந்து போட்டால் தப்பு, பழக்கத்தில் செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னீர்கள். ரூத் உங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். படித்தவர்தானே, டாக்டர்தானே, ஒரே ஒரு விஷயம்தானே சொன்னேன், அதுகூடவா முடியாது? என் மாடு செத்தால் நான் எங்கே போவேன்? நீங்கள் பள்ளிப்பிள்ளை மாதிரி தலையைக் குனிந்து நின்றீர்கள். பக்கத்தில் நான் பிஸ்கட்டின் கடிவாளத்தில் இல்லாத சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தேன்.

கன்றுக்கு ரூத்தே தையல் போட்டார். நீங்கள் காலைப் பிடித்துக்கொண்டீர்கள். வயிற்றில் இரண்டு உதை வாங்கினீர்கள். "என் பேஷண்ட்ஸ் எல்லாம் அழும் சகலை, இந்த மாதிரி அடிக்காது" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வரும்போது சாக்ரமென்டோ தாண்டியதும் "ஏங்க அப்டி சொன்னீங்க?" என்றேன். நீங்கள் ஃப்ரீவேயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நானும்தானே பாத்தேன். குட்னு வேற சொன்னேன்."

"அது வேற. சாத்துனது நானு."

"இந்த வருஷத்துக்கு உங்களுக்குப் போதும் சகலை. மாமா வேற வீட்ல இருக்காரு. இத நான் வெச்சுக்கறேன், விடுங்க."

நான் விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. முதல் தப்பு கை செய்தது. இது நான் செய்தது.

அன்று சாப்பாட்டு மேஜையில் நீங்களே கதையை ஆரம்பித்தீர்கள். மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். "டாக்டர் மாப்ள மாட்டுக்கே பத்தியம் போட்டுட்டாரா?" அந்த ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் எனக்கு ஃபோன் வந்ததா என்று கேட்கவில்லை. அக்டோபரில் எனக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. அன்றாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அதற்குள் அது நம் வீட்டுக் கதை ஆகிவிட்டது. பொங்கல் விழாவில் மேடைக்குப் பின்னால் சர்க்கரைப் பொங்கல் தட்டோடு நிற்கும்போது யாராவது ஆரம்பிப்பார்கள், "கேட் டாக்டர் கதையச் சொல்லுங்க சார்." சொல்வது யார்? நான்தான்.

இதை எழுதவே கூசுகிறது. நான் அதை நன்றாக நடித்தும் காட்டுவேன். குதிரையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடப்பது, ரொம்பப் பொறுப்பாகத் திரும்பிக் கேட்டை இழுப்பது, சங்கிலியை மாட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வது. எல்லோரும் சொல்வார்கள், கூட இருந்து பார்த்த மாதிரியே இருக்கிறது என்று. நன்றாக வராமல் என்ன, செய்தவன் நானாயிற்றே. நீங்கள் ஓரமாக நின்று எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பீர்கள். மூன்று பொங்கல். ஒரு தடவையாவது உங்களுக்கு வலித்ததா சகலை? என் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்த்ததில்லையே நீங்கள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறு வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் ஹாலில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தபோது, இறுக்கத்தைக் குறைக்க நினைத்த ஒரு நல்ல மனுஷர், "அந்தக் கேட் கதையச் சொல்லுங்களேன்" என்றார். நான் எழுந்தேன். எழுந்து, உங்கள் மாலை போட்ட படத்துக்கு முன்னால், அதே மாதிரி நடித்துக் காட்டினேன். அண்ணி பதினாறு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள். உங்கள் மகள் நித்யா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

நித்யாவுக்கு இப்போது பதினான்கு. பல்லுக்குக் கம்பி கட்டியாயிற்று. உங்கள் தொப்பி இப்போது அவளுடையது, வீட்டுக்குள்கூடப் போட்டுக்கொள்கிறாள். அப்பா குதிரை ஓட்டிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அதனால் ஜூனில் நாங்கள் நாலு பேரும் போனோம்: அண்ணி, நித்யா, என் வீட்டுக்காரி, நான். எண்பத்தாறிலும் எண்பத்தேழிலும் நீங்கள் தனியாக அங்கே போய் ரூத்துக்கு வேலி கட்டிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள் என்பதே அங்கே போய்த்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணியிடம் மெடிக்கல் கான்ஃபரன்ஸ் என்று சொன்னீர்களாமே! அந்தக் கணக்கை நீங்களும் அண்ணியும் பிறகு தீர்த்துக்கொள்ளுங்கள்.

ரூத் எங்களை மெதுவாக அழைத்துப் போனார். அண்ணி குதிரை ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு நடந்தே வந்தார்கள். அந்தக் கேட் வந்தது. திறந்து கிடந்தது. ரூத் குதிரையை நிறுத்தி, நித்யாவைப் பார்த்து, உன் அப்பா சாத்தின கேட் இதுதான் என்று அன்பாகத்தான் சொன்னார். கொஞ்ச தூரத்தில் தோளில் தழும்போடு நின்ற பசுவைக் காட்டி, அதுதான் அந்தக் கன்று என்றார். அதற்கே இப்போது ஒரு கன்று இருந்தது. நித்யா இறங்கிப் போய்க் கேட்டைத் தொட்டாள். உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அது உங்கப்பா இல்லம்மா, நானு" என்றேன். முதலில் தமிழில் சொன்னேன், அப்புறம் ரூத்துக்காக ஆங்கிலத்தில். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

ரூத் தொப்பியைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். சரி, இப்போது அதைத் திறந்தபடியே விடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். அண்ணி அப்படி விடவில்லை. விடவும் கூடாது.

"பதினாறாம் நாளு அவரு ஃபோட்டோ முன்னாடி நடிச்சுக் காட்டுனீங்களே தம்பி. நான் வேற சிரிச்சேனே."

"அண்ணி..."

"அவரு விட்டுக் குடுத்தாரு, சரி. அது அவரு குணம். நீங்க வாங்கிக்கிட்டு மூணு வருஷம் ஷோ பண்ணீங்களே, அதத்தான் என்னால தாங்க முடியல." என் மனைவி என் பக்கத்திலிருந்து நகர்ந்து அக்காவிடம் போய் நின்றுகொண்டாள். அதுவும் நியாயம்தான்.

திரும்பி வரும் வழியில், மலை இறங்கியதும் ஒரு ரெஸ்ட் ஏரியாவில் வண்டியை நிறுத்தினேன். அண்ணி இறங்கவில்லை. நித்யா மட்டும் தொப்பியோடு வந்து, நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு கேள்வி. "சித்தப்பா, நீங்க அவருக்குத் தேங்க்ஸ் சொன்னீங்களா?"

இல்லை என்றேன். நம் வீட்டில், நமக்குள், அப்படியெல்லாம் சொல்லிக்கொள்ளும் வழக்கம் இல்லை, சொன்னால் மூன்றாம் மனுஷர் மாதிரி ஆகிவிடும் என்று விளக்கினேன். இங்கே பிறந்த பிள்ளை, உப்பை எடுத்துக் கொடுத்தால்கூடத் தேங்க்ஸ் சொல்கிறவள்.

"அப்போ அப்பாவுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

உங்களுக்குத் தெரிந்திருந்ததா சகலை? தெரியும் என்று நானாக நினைத்துக்கொண்டு மூன்று வருஷம் உங்கள் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அண்ணி ஜூலை முழுக்க என்னோடு பேசவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் ஃபோன் செய்து, உங்கள் தக்காளிச் செடிக்குப் பந்தல் கட்ட வரச் சொன்னார்கள். போய்க் கட்டிக் கொடுத்தேன். காபி வந்தது. இன்னும் பழைய மாதிரி இல்லை. ஆக வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. இந்தக் கடிதத்தை முதலில் அவர்களிடம்தான் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "கடைசில ஒண்ணு விட்டுப் போச்சு தம்பி. நித்யா கேட்டாளே, அத எழுதுங்க" என்றார்கள்.

வருகிற பொங்கல் விழாவில் யாரும் கேட்காமலே நான் எழுந்து கதையைச் சொல்வேன். நடித்தும் காட்டுவேன், இந்தத் தடவை என் பெயரைச் சொல்லி. நீங்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்ற இடம்வரை சொல்வேன். நித்யாவின் கல்யாணத்திலும், அவள் பிள்ளைகளுக்கும், எனக்கு நடிக்கத் தெம்பு இருக்கிற வரைக்கும் அப்படியேதான் சொல்வேன். இது சத்தியம்.

இனி, விட்டுப்போனது. நமக்குள் இதென்ன புதுப் பழக்கம் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். செய்யுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ரொம்ப நன்றிங்க.

உங்களோடு பெண்ணெடுத்த,
உங்கள் சகலை